காகிதம் அசையவில்லை

ஓமானில் உள்ள நிஸ்வாவில் என் முதல் உச்சரிப்பு வகுப்பு. இங்கிலாந்தில் அச்சான பாடநூல் சொன்னபடி ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு நேரே தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டேன். ‘பென்’ என்று சொன்னால் காகிதம் படபடக்கும், ‘பென்’ என்று சொன்னால் அசையாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. முதலாவது, எழுதுகிற பேனா. இரண்டாவது, பெஞ்சமின் என்பவரைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர்.

தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. ஒரே ‘ப’வை வைத்துக்கொண்டு பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சமாளிக்கிறோம். நாக்குக்குத் தெரிந்த வேற்றுமையை நம் எழுத்து காட்டுவதில்லை. அரபியில் நிலைமை வேறு. பஸ்ஸில் வருகிற ஒலிக்கு அங்கே எழுத்து உண்டு. பாட்டில் வருகிற ஒலிக்கு எழுத்தும் இல்லை, அந்த ஒலியே இல்லை. அதனால் அரபு மாணவர் வண்டியை நிறுத்தப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னால், வண்டியைப் பார்த்துக் குரைக்கப் போகிறேன் என்று கேட்கும்.

பேனாவைச் சொன்னேன். காகிதம் அசையவில்லை. இன்னும் அழுத்திச் சொன்னேன். அசையவில்லை. முன்வரிசையில் இருந்த பையன், பஹ்லாவிலிருந்து வருகிறவன், மெதுவாகச் சொன்னான்: “மிஸ், உங்களுக்கும் வரவில்லை.” அவன் குரலில் கேலி இல்லை. பெரிய நிம்மதி இருந்தது.

அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். தமிழ் ‘ப’ உதட்டை மூடித் திறப்பதோடு சரி; மூச்சை வெளியே தள்ளுவதில்லை. இருபது வருடமாக ஆங்கிலம் படித்தும் கற்பித்தும் வந்த என் வாயில் அதே காயல்பட்டினத்து ‘ப’தான் இருந்தது. அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வேறு வழி தேட வேண்டும். மறுநாள் காகிதத்தை ஒதுக்கிவிட்டுத் தொண்டையில் விரல் வைக்கச் சொன்னேன். பெஞ்சமினைக் கூப்பிடும்போது தொண்டை அதிரும். பேனாவைச் சொல்லும்போது உதடு திறக்கும்வரை அதிராது. அவர்கள் வகுப்பு முழுக்கத் தொண்டையைத் தொட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பிடிபட்டது.

நான் காயல்பட்டினத்துக்காரி. ஐந்து வயதில் ஓதுகிற பள்ளியில் சேர்த்தார்கள். அலிஃப், பே, தே என்று ஆரம்பித்துக் குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்தேன். ஓதத் தெரியுமே தவிர அர்த்தம் தெரியாது. பிறகு பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம். தமிழ்வழியில் பன்னிரண்டு வகுப்பு முடித்துவிட்டு ஷேக்ஸ்பியர் வகுப்பில் போய் உட்கார்ந்தவள். எங்கள் துறையில் தமிழில் பேசினால் 1 ரூபாய் அபராதம். அந்த ரூபாய்க்குப் பயந்தே மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். பரீட்சைக்கு நோட்ஸை மனப்பாடம் செய்தேன், முதல் வகுப்பில் தேறினேன். 2006-இல் ஓமானுக்கு வேலைக்குப் போனபோது, எனக்கு அரபி எழுத்து தெரியும் என்ற தைரியம் கொஞ்சம் இருந்தது. மஸ்கட் விமான நிலையத்தில் ஒரு செய்தித்தாளை எடுத்துப் பிரித்தேன். ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

காரணம் எளிது. குர்ஆனில் ஒவ்வொரு எழுத்துக்கும் மேலும் கீழும் குறில் உயிர்களுக்கான குறிகள் இருக்கும். செய்தித்தாளில், நாவலில், கடைப் பலகையில் அவை இருக்காது. மெய்யெழுத்துகளும் நெடில்களும் மட்டும்தான். குறிலை வாசிக்கிறவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். அரபிச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களை வேராகக் கொண்டு முளைப்பவை. க-த-ப என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுகிறவர், மக்தப் என்றால் எழுதும் மேசை அல்லது அலுவலகம், மக்தபா என்றால் நூலகம். பொருளின் உடல் மெய்யில் இருக்கிறது. உயிர் மாறி மாறி வந்து அதை அசைக்கிறது. ‘உயிர்’, ‘மெய்’ என்று நம் இலக்கணக்காரர்கள் வைத்த பெயர்கள் அரபிக்கு இன்னும் பொருத்தமோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

இப்படி மெய்யைப் பார்த்தே வாசித்துப் பழகிய கண் ஆங்கிலத்துக்கு வரும்போது என்ன ஆகும்? கேட், கட், கோட், கைட் நான்கும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே உருவம். முதலிலும் கடைசியிலும் நிற்கிற மெய்யைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பதை ஊகிக்கும். அரபியில் அந்த ஊகம் வேலை செய்யும். ஆங்கிலத்தில் பூனை கோட்டாகிவிடும். இதோடு வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கை இடமிருந்து வலமாகத் திரும்ப வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடு அரபியில் கிடையாது, நமக்கும் கிடையாது. நாவலின் ஒரு பக்கத்தை நான் நான்கு நிமிடத்தில் படித்தால் என் மாணவி இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாள். அவள் மந்தமானவள் இல்லை. அரபியில் அவள் வாசிக்கிற வேகத்தை நூலகத்தில் பார்த்திருக்கிறேன். விரல் பக்கத்தைத் தொடுவதற்குள் புரட்டிவிடுவாள்.

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்தக் கட்டுரையும் அதற்காகத்தான். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்க வருகிற ஓர் அரபு இளைஞர் செய்கிற தவறுகள் அறியாமையால் வருகிறவை அல்ல. அவருக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வேறொரு இலக்கணம் அங்கே பேசுகிறது. தமிழ்க் காதுக்கு அது சட்டென்று கேட்கும்.

‘மை ஃபாதர் டீச்சர்’ என்று எழுதுவார்கள். நடுவில் வர வேண்டிய வினை இருக்காது. சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து எனக்கு மணிக்கட்டு வலித்தது. ஒருநாள் திருத்திக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. என் வாப்பா வாத்தியார். இதில் வினை எங்கே இருக்கிறது? அரபியிலும் நிகழ்காலத்தில் அப்படித்தான், பெயரும் பெயரும் பக்கத்தில் நின்றால் வாக்கியம் முடிந்தது. ஆங்கிலம்தான் நடுவில் ஒரு வினையைப் போட்டே ஆக வேண்டும் என்று கேட்கிறது.

‘ஸ்ட்ரீட்’ என்ற சொல் ‘இஸ்திரீத்’ ஆகும். இலக்கண அரபியில் ஒரு சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது. முன்னால் ஓர் உயிரைக் கொண்டுவந்து நிறுத்தும். பிளேட்டோ அரபியில் அஃப்லாத்தூன் ஆனது இப்படித்தான். முன்னால் ஓர் அகரம் வந்தது, இல்லாத ‘ப’வுக்குப் பதில் ‘ஃப’ வந்தது. எங்கள் தெருவில் ‘இஸ்கூல்’ என்று சொன்ன பெரியவர்களும், இராமனுக்கு முன்னால் இகரமும் உலோகத்துக்கு முன்னால் உகரமும் சேர்த்த புலவர்களும் செய்தது இதே வேலை. வேறொன்றும் கவனித்தேன். வேன் என்பதை அவர்கள் ஃபேன் என்பார்கள். அரபியில் ‘ஃப’ உண்டு, தொண்டை அதிர உதட்டைப் பல்லால் தொடும் ‘வ’ கிடையாது. நம்மிடம் ‘வ’ உண்டு, ‘ஃப’ இல்லை. ஆய்தத்தை ஒட்டவைத்துச் செய்துகொண்டோம்.

எல்லாமே நமக்கு ஒத்துப்போகிறது என்று சொல்லிவிடவும் முடியாது. ‘நான் படித்த புத்தகம்’ என்று நாம் சொல்வதை அரபியில் ‘நான் அதைப் படித்த புத்தகம்’ என்பார்கள். அந்த ‘அதை’ ஆங்கிலக் கட்டுரைகளில் எல்லாப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் நான்கு வருடம் முடிந்துவிடும்.

‘அரபு மாணவர்கள்’ என்று ஒரே கட்டாகச் சொல்வதும் சரியில்லை. என் வகுப்பில் பலூச்சி பேசும் குடும்பத்திலிருந்து வந்த பெண்ணுக்கு ‘ப’ தாராளமாக வந்தது. பலூச்சியில் அந்த ஒலி உண்டு. 1964 புரட்சிக்குப் பிறகு ஸான்ஸிபாரிலிருந்து திரும்பிய ஓமானியர்களின் பேரன் ஒருவன் வீட்டில் சுவாஹிலி பேசுவான், அவனுக்கும் வந்தது. தெற்கே தோஃபார் மலையிலிருந்து வந்த பெண்ணின் தாய்மொழி ஜிப்பாலி. அரபிக்கு உறவுதான், ஆனால் அரபி பேசுகிறவருக்குப் புரியாத தனி மொழி. அவளுக்கு ஆங்கிலம் நான்காவது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அரபியே இரண்டு. வீட்டிலும் சந்தையிலும் பேசுகிற அரபி ஒன்று, புத்தகத்திலும் செய்தியிலும் வருகிற ஃபுஸ்ஹா ஒன்று. ஃபுஸ்ஹாவை யாரும் தாய்மடியில் கற்பதில்லை. இதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘வந்தாங்க’ என்று பேசிவிட்டு ‘வந்தார்கள்’ என்று எழுதுகிறவர்கள் நாம்.

ஓமானில் இந்தப் படிப்புக்குப் பின்னால் இருக்கும் வேகத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். 1970-இல் காபூஸ் சுல்தான் பதவிக்கு வந்தபோது நாடு முழுவதும் மூன்றே பள்ளிகள். சுமார் 900 மாணவர்கள், அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள். முதல் பல்கலைக்கழகமான சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகம் 1986-இல்தான் தொடங்கியது. நான் போனபோது என் வகுப்பில் பெண்கள்தான் அதிகம். அவர்களுடைய பாட்டிமார் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் தவிர எல்லாப் பாடமும் அரபியில் படித்துவிட்டு வருவார்கள். பல்கலைக்கழகத்தில் அறிவியலும் பொறியியலும் மருத்துவமும் ஆங்கிலத்தில். ஆகவே முதலில் அடித்தள ஆண்டு என்ற பயிற்சியைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்டி ஆங்கிலத்தையே பாடமாக எடுப்பவர்களுக்கு மனசில் பெரும்பாலும் ஒரு கனவு இருக்கும்: அவரவர் ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியை வேலை. சிலருக்கு மொழிபெயர்ப்பு, சிலருக்கு எண்ணெய்க் கம்பெனி. இலக்கியத்துக்காகவே வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், முதல் மாதம் பேசமாட்டார்கள்.

எழுத்து வகுப்பு எனக்குக் கஷ்டமானது. ஒரு பத்தி எழுதச் சொன்னால் ‘அண்ட்’, ‘அண்ட்’ என்று நூல் அறுபடாமல் போகும். அரபியில் ‘வ’ என்ற ஒற்றை எழுத்து ‘உம்’ போல வாக்கியத்தோடு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போகும். அது அங்கே நடையின் அழகு. ஒரே கருத்தை இரண்டு சொல்லில் இணையாகச் சொல்வதும் அப்படித்தான். 1966-இல் ராபர்ட் காப்லன் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரையில் சின்னச் சின்னப் படங்கள் போட்டார். ஆங்கிலச் சிந்தனை நேர்கோடு, அரபு போன்ற செமித்திய மொழிகளுடையது முன்னும் பின்னும் போகிற இணைகோடு, கீழை நாட்டாருடையது உள்நோக்கிச் சுழல்கிற சுருள். ஆசிரியர் பயிற்சிகளில் அந்தப் படத்தை எத்தனையோ முறை காட்டினார்கள். பின்னாளில் அதைப் பலரும் கடுமையாக விமர்சித்தார்கள். விமர்சித்தவர்கள் பக்கம்தான் நான். சிந்தனைக்கு ஏது கோடும் சுருளும்? கேட்கிறவர் எதை அழகு என்று நினைக்கிறார் என்பதே விஷயம். நம் ஊர் மேடையில் ஒருவர் ‘அன்பும் பாசமும் பரிவும் நேசமும்’ என்று அடுக்கினால் கைதட்டுகிறோம். அதையே ஆங்கிலக் கட்டுரையில் செய்தால் ‘கூறியது கூறல்’ என்று மதிப்பெண் குறைப்பார்கள். இதை மாணவர்களிடம் இப்படியே சொல்லிவிட்டேன். “இது இன்னொரு வீட்டு விருந்து. அந்த வீட்டு முறைப்படி உட்காருங்கள். உங்கள் வீட்டு முறை தப்பென்று யாரும் சொல்ல வேண்டாம்” என்றேன். அதற்குப் பிறகு ‘அண்ட்’ குறைந்தது.

ஆனால் இப்படிச் சொல்லும் தெளிவு எனக்கு வருவதற்கு மூன்று வருடம் ஆனது. அதுவரை என் வகுப்புக் கதவில் ‘ஆங்கிலம் மட்டும்’ என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். எனக்குச் செய்யப்பட்டதை அவர்களுக்கும் செய்துகொண்டிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

அன்று யாப்பு வகுப்பு. ஷேக்ஸ்பியரின் அடி பத்து அசை, ஐந்து அழுத்தம். மெல்லசை, வல்லசை, மெல்லசை, வல்லசை என்று பலகையில் போட்டுக் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை. உண்மையில் எனக்கும் அது படித்துத் தெரிந்ததே தவிர காதால் தெரிந்ததில்லை. தமிழ் யாப்பு நேர், நிரை என்று குறில் நெடிலையும் ஒற்றையும் வைத்து அளக்கிறது. குரலின் அழுத்தத்தை அது எண்ணுவதில்லை. ஐந்து அழுத்தத்தைக் கேள் என்று ஆங்கிலம் சொன்னால், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றே நம் காது தேடும்.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். அரபியில் பேசலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தலையசைத்தேன். அவள் எழுந்து நின்று மேசையில் தட்டத் தொடங்கினாள். ‘ஃபஊலுன் ஃபஊலுன் ஃபஊலுன் ஃபஊலுன்.’ குறில், நெடில், நெடில். வகுப்பு முழுக்கச் சேர்ந்துகொண்டது. நான் சிலிர்த்துப்போனேன். தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று நாம் வாய்பாடு வைத்திருப்பது போல அவர்களுக்கும் வாய்பாடு! அதைச் செய்தவர் அல்-கலீல் இப்னு அஹ்மத் அல்-ஃபராஹிதி. எட்டாம் நூற்றாண்டுக்காரர். அரபி யாப்பிலக்கணத்தை முதலில் வகுத்தவரும் முதல் அரபி அகராதியைத் தொடங்கியவரும் அவர்தான். பஸ்ராவில் வாழ்ந்தவர், ஆனால் ஓமானில் பிறந்தவர் என்று ஓமானியர்கள் உரிமையோடு சொல்வார்கள். செம்புக் கொல்லர் தெருவில் நடந்து போகும்போது சுத்தியல் சத்தங்களைக் கேட்டு அவருக்கு யாப்பின் சூட்சுமம் பிடிபட்டது என்று கதை. “அவர் எங்கள் ஆள், மிஸ்” என்று அந்தப் பெண் சொன்னாள். மூன்று மாதத்தில் அவள் பேசி நான் கேட்ட முதல் நீண்ட பேச்சு அது.

அரபியில் செய்யுளின் ஓர் அடிக்கு ‘பைத்’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வீடு, கூடாரம் என்றும் பொருள். அசைக் கூறுகளுக்கு ‘கயிறு’, ‘முளை’ என்று கூடாரச் சாமான்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மீலாது மாதத்தில் பெண்கள் கூடி ‘பைத்து’ ஓதுவார்கள். நானும் ஓதியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு வீடு என்று அர்த்தம் என்பதை நாற்பது வயதில் ஒரு மாணவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு வகுப்பு மாறியது. முதலில் அரபி யாப்பைத் தட்டினோம். அடுத்து, நீளத்தை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் தட்டினோம். வேற்றுமை கைக்குத் தெரிந்தது, பிறகு காதுக்கும் தெரிந்தது. எனக்கும் அன்றுதான் கேட்டது.

கதவில் தாள் இல்லாத வகுப்பில் இலக்கியமும் வேறு மாதிரி திறந்துகொண்டது. ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் சானெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்புக்குரியவரைக் கோடைக்காலத்து நாளோடு வைத்துப் பார்க்கும் கவிதை. நிஸ்வாவில் ஜூன் மாதம் 45 டிகிரி. இதைப் படித்ததும் ஒரு பையன் கோபமாகவே கேட்டான், காதலியை யாராவது கோடையோடு ஒப்பிடுவார்களா என்று. இங்கிலாந்தில் வெயில் என்பது வரம் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் வகுப்பே இரண்டாகிவிட்டது. தோஃபார் பெண், “எங்கள் ஊரில் கோடைதான் அழகு” என்றாள். ஸலாலாவில் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ‘கரீஃப்’. நம் தென்மேற்குப் பருவக்காற்றேதான் அங்கே தூறலாகவும் பனிமூட்டமாகவும் இறங்குகிறது. வறண்ட மலை பச்சையாகிவிடும், அருவி விழும். நாட்டின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டி வருவார்கள். இன்னொரு பையன் மூன்றாவது பக்கம் இழுத்தான். கோடை என்றால் பேரீச்சம்பழ அறுவடை, தாத்தா வருடம் முழுக்கக் காத்திருப்பது அந்த வெயிலுக்குத்தான் என்றான். ஒரே வகுப்பில் மூன்று கோடை. கவிதை என்ன சொல்கிறது என்பதைவிட, ஒப்புமை என்பது எந்த மண்ணில் நின்று செய்யப்படுகிறது என்பதை அன்று நாங்கள் எல்லாரும் கற்றோம். குறிஞ்சியும் பாலையும் படித்த எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதே கவிதையில் சூரியன் ஆண். அரபியில் ஷம்ஸ் பெண்பால், கமர் என்கிற நிலா ஆண்பால். ஆனாலும் அழகான பெண்ணை நிலா என்றே சொல்வார்கள். பால் எங்கிருந்து வருகிறது, இலக்கணத்திலிருந்தா, பார்வையிலிருந்தா என்று ஒரு மணி நேரம் பேசினோம். பிற்பாடு 2019-இல் ஜோஹா அல்-ஹார்த்திக்கு மேன் புக்கர் சர்வதேசப் பரிசு கிடைத்தபோது அந்த வகுப்பை நினைத்துக்கொண்டேன். அவர் நாவலின் அரபித் தலைப்பு ‘சய்யிதாத் அல்-கமர்’, நிலவின் பெண்மணிகள். அரபியில் எழுதும் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. மெரிலின் பூத் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். ஜோஹா எடின்பரோவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். அங்கே போய் அவர் ஆராய்ந்தது பழைய அரபிக் கவிதையை.

ஒதெல்லோவை நடத்தும்போது எனக்கு முன்னுரையே தேவைப்படவில்லை. அவன் வட ஆப்பிரிக்காவின் மூர், அதாவது தங்கள் ஆள் என்று எடுத்த எடுப்பிலேயே சொந்தம் கொண்டாடினார்கள். கவிஞர் கலீல் முத்ரான் 1912-இல் அந்த நாடகத்தை அரபியில் கொடுத்தபோது அவனுக்கு ‘உதைல்’ என்று அரபிப் பெயரே வைத்துவிட்டார். ஷேக்ஸ்பியரே ‘ஷேக் ஸுபைர்’ என்ற அரபுக்காரர்தான் என்று அரபு நாடுகளில் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒதெல்லோ மனைவியைச் சந்தேகிக்கும் கைக்குட்டைக் காட்சி வந்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பேச்சு ஒன்று கிளம்பி ஒரு பெண்ணின் தலையில் வந்து விழுவது என்னவென்று பின்வரிசைப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. “எல்லாரும் அவளைப் பற்றியே பேசுகிறார்கள். அவளை உட்காரவைத்து நிதானமாக ஒருவரும் கேட்கவில்லையே” என்றாள் ஒருத்தி. நூலகத்திலிருந்த விமர்சன நூல்களில் நான் படித்த எதையும்விட எனக்கு அது கூர்மையாக இருந்தது. அவள் அதை அரபியில் சொன்னாள், பக்கத்தில் இருந்தவள் ஆங்கிலத்தில் சொன்னாள், நான் பலகையில் எழுதினேன்.

ஆங்கிலத்தில் எழுதிய கான்ராடின் காங்கோ நாவலோடு சூடானின் தய்யிப் ஸாலிஹ் 1966-இல் எழுதிய ‘வடக்கு நோக்கிய புலம்பெயர்தலின் பருவம்’ நாவலையும் சேர்த்துப் படிக்கவைத்தேன். ஆங்கிலேயன் ஆற்றின் வழியே ஆப்பிரிக்காவுக்குள் போகிறான். நைல் கரையிலிருந்து கிளம்பியவன் லண்டனுக்குப் போகிறான். எது மூலத்தில் அரபி, எது ஆங்கிலம் என்ற எல்லை அங்கே கலைந்துவிடும். ஜெருசலேமில் பிறந்து கெய்ரோவில் வளர்ந்த விமர்சகர் எட்வர்ட் சயீத் தன் ஆய்வுப் பட்டத்துக்குக் கான்ராடைத்தான் எடுத்துக்கொண்டார் என்று சொன்னபோது, ஒரு பையன் அந்தப் பெயரை நோட்டில் இரண்டு எழுத்திலும் எழுதிக்கொண்டான். எட்வர்ட் என்பதை ஆங்கிலத்தில், சயீத் என்பதை அரபியில்.

மொழிபெயர்ப்புப் பாடம் நான்காம் ஆண்டில். அந்த வகுப்பில் பயமே இருக்காது. ஆல்ஜீப்ரா, அட்மிரல், காட்டன், ஸீரோ எல்லாம் அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று அவர்கள் பட்டியல் போட்டார்கள். நான் என் பங்குக்கு வசூல், பாக்கி, வக்கீல், அசல், நகல், ஆஜர் என்று தமிழில் எழுதி வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். எங்கள் ஊர் ஓடையோரம் ஈச்சமரத்தடியில் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது அவர்களுக்கு.

தோஃபார் பெண் கடைசிப் பருவத்தில் அந்தச் சானெட்டை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தாள். அரபியில்தான் இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். எழுத்து அரபி எழுத்து. ஆனால் சில எழுத்துகளின் தலையில் கூடுதலாகப் புள்ளிகள். வாசித்துப் பார்த்தேன், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. “இது ஜிப்பாலி, மிஸ். எங்கள் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதற்காக” என்றாள். அந்த மொழியைப் பள்ளியில் யாரும் எழுதக் கற்றுக்கொடுப்பதில்லை. அரபியில் இல்லாத ஒலிகள் அதில் நிறைய. நாக்கின் ஓரத்தில் காற்று விடுகிற ஒலி ஒன்றை அவள் செய்து காட்டினாள். அந்த ஒலிகளுக்காக அவளே புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் அதில் ஆணா பெண்ணா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, கரீஃபில் சூரியனே வராதே, அந்த வரியில் மூடுபனியைப் போட்டுவிட்டேன் என்றாள்.

நான் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடினேன். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்தது. என் உம்மாவின் தாயார் வைத்திருந்த பழுத்த புத்தகம், அரபு எழுத்தில் அச்சிட்ட தமிழ். அர்வி என்றும் அரபுத்தமிழ் என்றும் சொல்வோம். தமிழ் எழுத்து தெரியாத எத்தனையோ பெண்கள் எங்கள் கரையோர ஊர்களில் இந்த எழுத்தில்தான் தமிழ் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு யாரோ ஒருவர் எப்போதோ கூடுதல் புள்ளி வைத்திருக்கிறார்.

அவள் போனை வாங்கிப் பெரிதாக்கினாள். எழுத்துக் கூட்டி மெல்ல வாசிக்கத் தொடங்கினாள். அர்த்தம் ஒன்றும் தெரியாது, ஐந்து வயதில் நான் குர்ஆன் ஓதியது போல. ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்தது தமிழ். இரண்டாவது வரியில் புள்ளி வைத்த ஓர் எழுத்தில் நின்றாள்.

“இது என்ன ஒலி, மிஸ்?”

“ப” என்றேன்.

அவள் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை மறுபடி வாசித்தாள்.